தென்னையில் கருந்தலைப்புழு: அறுபது நாள் வாழ்க்கை

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகும் வழியிலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலும் தென்னந்தோப்புகள் நிறைய உண்டு. கோடையில் சில தோப்புகளில் அடிமட்டைகள் தீய்ந்து தெரியும். தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு மட்டையை வெட்டி ஓலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஈர்க்கையொட்டி, நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய நீண்ட கூடு தெரிந்தால், உள்ளே இருப்பது கருந்தலைப்புழு. பச்சை கலந்த பழுப்பு உடல், கரும்பழுப்புத் தலை, நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை. ஓலையின் மேல்தோலை விட்டுவிட்டு, அடிப்பக்கத்துப் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். பச்சையம் போனால் மரத்தால் உணவு தயாரிக்க முடியாது; காய்ப்பு குறையும்.

இது ஓர் அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். ஒபிசினா அரினோசெல்லா என்ற அறிவியல் பெயரை 1864இல் வைத்தவர் வாக்கர். சாம்பல்வெள்ளைத் தாய்ப்பூச்சி ஓலையின் அடியில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். சுமார் ஐந்து நாளில் முட்டை பொரியும். புழு நாற்பது நாள் தின்று வளரும். கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பன்னிரண்டு நாள் கிடக்கும். பிறகு சிறகு முளைத்து வெளிவரும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். கூடுள்ள ஓலைத்துண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி வைத்தால் பூச்சி வெளிவருவதை வீட்டுப் பிள்ளைகளே பார்க்கலாம்.

இந்தக் கணக்கு உழவருக்கு ஏன் முக்கியம்? ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி எதிரி இருக்கிறது. எறும்பளவே உள்ள கோனியோசஸ் குளவி, வளர்ந்த புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து அதன் மேல் முட்டையிடும்; தன் குஞ்சுகள் கூடு கட்டும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். கூட்டுப்புழுவாகப் போகும் புழுவை எலாஸ்மஸ் என்ற குளவி தாக்கும். கூட்டுப்புழுவைப் பிராக்கிமீரியா என்ற குளவி அழிக்கும். காயங்குளத்திலுள்ள மத்திய ஆராய்ச்சி மையம் இந்த மூன்றையும் பரிந்துரைக்கிறது.

இலங்கைத் தோப்புகளில் நடந்த ஆய்வுகளின்படி, ஒரு தோப்பிலுள்ள பூச்சிகள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும். எனவே கூட்டுப்புழுக்கள் நிறைந்த சமயத்தில் கோனியோசஸை விட்டால் அதற்கு இரை கிடைக்காது.

குளவி வாங்கப் போகும் முன் நாலைந்து மரத்துக் கூடுகளைப் பிரித்து, எந்தப் பருவம் என்று பாருங்கள். மிகவும் தாக்கப்பட்ட அடிமட்டைகளை வெட்டி எரியுங்கள். குளவி விட்ட தோப்பில் மருந்து தெளிக்காதீர்கள். அது நமக்காக வேலை செய்யும் குளவிகளையும் கொன்றுவிடும்.