ஆறே இறைக்கும் நீர்

சிரியாவின் ஹமா நகரில் ஒரோன்டெஸ் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. தோட்டங்களும் வீடுகளும் மேட்டில். கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் வாய்க்கால் வெட்டித் திருப்ப வழியில்லை. அதனால் ஆற்றின் வேகத்தைக் கொண்டே அதன் நீரை இறைத்தார்கள். அதற்கான மரச்சக்கரம்தான் நாவூரா.

இதற்கு மாடு வேண்டாம், ஆளும் வேண்டாம். குறுக்கே தடுப்பணை கட்டி, நீரைக் குறுகிய மதகு வழியாக விடுகிறார்கள். சீறி வரும் நீர் சக்கரத்தின் அடிப்பலகைகளைத் தள்ளுகிறது. விளிம்பிலுள்ள மரப்பெட்டிகள் ஆற்றில் மூழ்கி நிரம்பி, மேலே ஏறி, உச்சியில் கல்தொட்டியில் நீரைக் கொட்டுகின்றன. அங்கிருந்து வளைவுகள் தாங்கும் கல்வாய்க்கால் வழியே பள்ளிவாசலுக்கும் குளியல் கூடங்களுக்கும் தோட்டங்களுக்கும் நீர் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் சக்கரத்தின் விட்டத்துக்கு மேல் ஓர் அடிகூட நீரை ஏற்ற முடியாது. அடிப்பகுதி மூழ்கியிருப்பதால் கிடைக்கும் உயரம் அதிலும் குறைவு. கூடுதல் உயரம் வேண்டுமென்றால் சக்கரத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். பெரிய பள்ளிவாசலுக்கு நீர் தர 1361-இல் எழுந்த முஹம்மதியா சக்கரம் ஏறக்குறைய 21 மீட்டர் விட்டம் கொண்டிருப்பது இதனால்தான். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம் அது!

தச்சர்களின் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். ஆரக்கால்கள் நடுமையத்தில் போய்க் குத்தாமல், அச்சின் பக்கவாட்டை ஒட்டி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. மர அச்சு மரத்தாங்கியில் உரசுவதால் எழும் முனகல் நெடுந்தூரம் கேட்கும். நீரில் ஊறி உப்பிய பலகைகள் தம் இடுக்குகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். சக்கரம் நின்று வெயிலில் காய்ந்தால்தான் ஆபத்து, மரம் வெடித்துவிடும்.

நாவூரா இஸ்லாமிய உலகம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பக்கத்து அபாமியாவில் கிடைத்த, கி.பி. 469-ஐச் சேர்ந்த மொசைக் ஓவியத்திலேயே நாவூரா இருக்கிறது. ஆனால் ஸ்பெயின்வரை அதைப் பரப்பி, ஊர்களின் பாசனத்துக்கே முதுகெலும்பாக்கியவர்கள் முஸ்லிம் ஆட்சிக்கால மக்கள்தான். ஓட்டமில்லாத நீருக்கு, விலங்கு சுற்றப் பல்சக்கரம் சுழன்று கலயங்களை ஏற்றும் சாக்கியா இருந்தது. 1206-இல் தன் நூலை முடித்த பொறியாளர் அல்-ஜஸாரி, நீரிறைக்கும் பொறிகள் பலவற்றைப் படத்தோடு விளக்கியிருக்கிறார். நவீன எந்திரங்களின் கதையை ஐரோப்பாவில் தொடங்குகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

மோட்டார் பம்புகள் வந்தபின் நாவூராக்களுக்குப் பாசன வேலை போய்விட்டது. ஹமாவில் எஞ்சியவை 17. கோடையில் பையன்கள் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறி ஆற்றில் குதிக்கிறார்கள். ஆற்றில் நீர் குறைந்தால் சக்கரம் நிற்கும், நின்றால் மரம் கெடும். எனவே இவற்றைக் காக்கத் தச்சர்கள் மட்டும் போதாது, ஒரோன்டெஸில் தண்ணீரும் ஓட வேண்டும்.