சராசரியை மட்டும் நம்பலாமா?

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் ஓர் உழவர், திருந்திய நெல் சாகுபடிக்கு மாற எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இளம் நாற்றைக் குத்துக்கு ஒன்றாகச் சதுர நடவு செய்ய வேண்டும். அதற்கு ஆட்களைப் பழக்க வேண்டும். இத்தனை பாடுபட்டால் விளைச்சல் கூடுமா?

5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள 10 பாத்திகளில் சோதிக்கிறார். ஐந்தில் பழைய முறை, ஐந்தில் புதிய முறை. பழையதன் சராசரி விளைச்சல் 12 கிலோ, புதியதன் சராசரி 14 கிலோ. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 320 கிலோ அதிகம்! உடனே மாறிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். தனித்தனிப் பாத்திகளைப் பாருங்கள்.

பழைய முறை: 8, 10, 12, 14, 16
புதிய முறை: 10, 12, 14, 16, 18

ஒரே முறையில் நட்ட பாத்திகளுக்குள்ளேயே 8 கிலோ வரை வேறுபாடு! மடைக்கு அருகில் இருப்பது, மேடாக இருப்பது, மண்வளம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அப்படியிருக்க, 2 கிலோவை நடவு முறையின் பயன் என்று எப்படிச் சொல்வது?

விளைச்சல் இப்படி இருந்திருந்தால்?

பழைய முறை: 11, 11.5, 12, 12.5, 13
புதிய முறை: 13, 13.5, 14, 14.5, 15

சராசரிகள் அவையே, ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. ஆகவே அதே 2 கிலோ இங்கே தெளிவாகத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியும் இதைக் கணக்காக்குவதே 'டி-சோதனை'. சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதைக் காட்டும் அளவு 'திட்டப் பிழை'. வேறுபாட்டை இதனால் வகுக்க வேண்டும். முதல் கணக்கில் திட்டப் பிழை 2 கிலோ, விடை 1. இரண்டாவதில் அரைக் கிலோ; விடை 4. இத்தகைய 10 பாத்திச் சோதனைக்கு அட்டவணை தரும் எல்லை 2.31. இரு முறைகளும் உண்மையில் ஒன்றேயானால், இந்த எல்லையைத் தாண்டும் விடை தற்செயலாக 100-க்கு 5 முறைதான் வரும். 4 எல்லையைத் தாண்டுகிறது, 1 தாண்டவில்லை. தாண்டாததால் புதிய முறை பயனற்றது என்று ஆகிவிடாது. சான்று போதவில்லை என்பதே பொருள். இன்னும் பல பாத்திகளில் சோதிக்க வேண்டும்.

சில மாதிரிகளை மட்டுமே கொண்டு முடிவு காணும் இவ்வழியை 1908-இல் வெளியிட்டவர், டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவர், என்பது அவர் புனைபெயர். மூன்று, நான்கு முறைகளை ஒருங்கே ஒப்பிட ரொனால்டு ஃபிஷர் வகுத்த 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு' உதவும்.

ஒரு நிபந்தனை உண்டு. நல்ல பாத்திகளையெல்லாம் புதிய முறைக்கே ஒதுக்கிவிட்டால் எந்தக் கணக்கும் உண்மையைக் காட்டாது. குலுக்கல் முறையில்தான் பாத்திகளைப் பிரிக்க வேண்டும் என்று ஃபிஷர் வலியுறுத்தினார். உத்திரமேரூருக்குக் குலுக்கல் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் இங்கு நடந்த குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவன் கைக்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியாது. பாத்தி எண்களையும் அவ்வாறே சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம்.

இனி எவரேனும் "சராசரி கூடியிருக்கிறது" என்றால், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஏற்ற இறக்கம் எவ்வளவு? குலுக்கிப் பிரித்தீர்களா?