வீட்டு முற்றத்தில் சினிமா கார்!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள், முதலில் தேசிங்கு ராஜனைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி அவனுடைய குதிரையைப் பற்றித்தான் இருக்கும்.

1714-ம் ஆண்டில் ஆற்காடு நவாபின் படையோடு மோதி, தேசிங்கு போர்க்களத்தில் மாண்டான். முன்னூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும், யாருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கிய கதையை ஜனங்கள் மறக்கவில்லை. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து "ராஜா தேசிங்கு" என்ற படமும் வந்தது.

கதாநாயகன் மனதில் இடம் பிடித்துவிட்டால், அவன் ஏறிப்போகும் வாகனமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் அது குதிரை. தென்னை மட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, "டக்... டக்..." என்று தெருவில் ஓடாத சிறுவன் உண்டா?

இந்தக் காலத்தில் அது கார்.

மட்டையோடு நின்றுவிடாமல், சினிமாவில் பார்த்த காரை அப்படியே அச்சு அசலாக வீட்டில் கட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. கைக்காசுதான் செலவு. லீவு நாட்களில் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் கட்டுகிறார்கள்.

எவர்சில்வர் கார்

1985-ல் "பேக் டு தி பியூச்சர்" என்ற அமெரிக்கப் படம் வந்தது. ஒரு விஞ்ஞானி, காரையே காலத்தைத் தாண்டும் எந்திரமாக மாற்றிவிடுகிறார். அந்தக் கார் மணிக்கு 88 மைல் வேகம் எடுத்ததும், பழைய காலத்துக்குப் பாய்ந்துவிடும். இதுதான் கதை.

அந்தக் காரின் பெயர் டெலோரியன். வட அயர்லாந்தில் தயாரானது. மொத்தம் 9 ஆயிரம் கார்கள்தான் செய்திருப்பார்கள். 1982-ல் கம்பெனி நொடித்துப் போய்விட்டது.

காருக்குப் பெயிண்டே கிடையாது. வெளித்தகடு முழுவதும் எவர்சில்வர்! நம் வீட்டுக் குடம் போல மின்னும். கதவுகள் பறவை சிறகை விரிப்பதுபோல மேலே தூக்கிக்கொண்டு திறக்கும்.

இந்தக் காரைப் படக் கம்பெனிக்காரர்கள் எப்படி "விஞ்ஞான" எந்திரமாக மாற்றினார்கள்? அதுதான் வேடிக்கை. பழைய விமானச் சாமான்களை வாங்கிவந்து பின்பக்கத்தில் பூட்டினார்கள். அணு உலை என்று படத்தில் காட்டுகிறார்களே, அதன் மேல் மூடி வேறு ஒரு பழைய காரின் சக்கர மூடி! குப்பையைப் போட்டால் மின்சாரம் தரும் அதிசயக் கருவி ஒன்றும் கடைசியில் வருகிறது. அது காபிக்கொட்டை அரைக்கும் மிஷின்!

டெலோரியன் காரைக் கட்டும் ரசிகர்களின் பாடு இங்கேதான் ஆரம்பமாகிறது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்த மூலையில் தெரியும் குழாய் எந்த விமானத்தில் இருந்தது? இந்த சுவிட்சை எந்தக் கம்பெனி செய்தது? பழைய இரும்புக் கடைகளில் தேடி அலைகிறார்கள். காபிக்கொட்டை மிஷின்கூட அதே கம்பெனி, அதே மாடலாக இருந்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

"பைத்தியக்காரத்தனம்" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லலாம். ஆனால், இந்தப் பைத்தியம்தான் ஒருநாள் படக் கம்பெனிக்கே கைகொடுத்தது.

ரசிகர்கள் காப்பாற்றினார்கள்

படத்தில் நடித்த அசல் கார், ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றது. பல பாகங்கள் காணாமல் போயின. மிச்சம் இருந்தவை இற்றுப்போயின. கோடிக்கணக்கான பேர் ரசித்த கார், பழைய இரும்புபோல ஆகிவிட்டது.

அதைப் பழுது பார்க்க யாரால் முடியும்? எந்தத் திருகு எங்கே இருந்தது என்பது யாருக்குத் தெரியும்?

வீட்டில் நகல் கார் கட்டியவர்களுக்குத்தான் தெரியும்!

2011-ல் அந்த ரசிகர்கள் வேலையில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஓராண்டு உழைத்தார்கள். நகல் கட்டுவதற்காகச் சேர்த்த அறிவெல்லாம் அசலைக் காப்பாற்றப் பயன்பட்டது. அந்தக் கார் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கார் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு டாலர் கார்

சினிமா கார் கேமிராவுக்கு முன்னால் நன்றாக இருந்தால் போதும். கிட்டத்தில் காட்ட ஒரு கார், தாவிக் குதிக்க ஒரு கார், உட்புறத்தைப் படம் பிடிக்க இரண்டாக அறுத்த கார் என்று பல கார்களை வைத்திருப்பார்கள். திரையில் எல்லாம் ஒரே கார்போலத் தெரியும். வீட்டில் கட்டுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கார் கிட்டத்தில் பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும், கதவும் திறக்க வேண்டும், ஓடவும் வேண்டும்.

1966-ல் "பேட்மேன்" தொடரில் வந்த கறுப்புக் காரின் கதையும் சுவையானது. 1955-ல் கண்காட்சிக்காகச் செய்த ஒரு போர்டு கம்பெனி கார் அது. அதை ஜார்ஜ் பாரிஸ் என்பவர் ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார். மூன்று வாரத்தில் வவ்வால் காராக மாற்றினார். 2013-ல் அது 46 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று!

இந்தக் காரைப்போலவே நகல்கள் செய்து, ஒருவர் விற்கத் தொடங்கினார். கதை உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "பேட்மேன் கதாநாயகன் என்றால், அவன் காரும் ஒரு கதாபாத்திரமே! அனுமதி இல்லாமல் செய்து விற்கக்கூடாது" என்ற கருத்தில் 2015-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆசைக்குக் கட்டுகிறவர்கள் வியாபாரத்தில் இறங்குமுன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கோவையில் பிறந்த "புஜ்ஜி"

சினிமா கார் என்றால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2024-ல் வெளியான "கல்கி 2898 ஏ.டி." படத்தில் பிரபாஸ் ஓட்டுகிறாரே "புஜ்ஜி", அது நம் கோவையில் பிறந்தது. காருக்குக் குரல் கொடுத்தவர் நடிகை கீர்த்தி சுரேஷ்.

டைரக்டர் நாக் அஸ்வின், மகிந்திரா கம்பெனி அதிபர் ஆனந்த் மகிந்திராவிடம் உதவி கேட்டார். அவர் சென்னை அருகே உள்ள தமது ஆராய்ச்சி நிலையத்தைக் கைகாட்டினார். அங்குள்ள என்ஜினீயர்கள் கணக்குப் போட்டுக் கொடுக்க, கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் பட்டறையில் கார் உருவாயிற்று.

நீளம் 20 அடி. அகலம் 11 அடி. அதாவது, நம் ஊர் பஸ்சைவிட அகலம் அதிகம்! எடை 6 டன். முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். பின்னால் உருண்டையாக ஒரே சக்கரம். பெட்ரோல் கிடையாது, பாட்டரியில் ஓடுகிறது. உண்மையாகவே ஓடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். பொம்மைக் காரைக் கயிறு கட்டி இழுத்துப் படம் பிடிக்கவில்லை.

கோவைக்கு இந்த வேலை புதிதல்ல. அந்த ஊரின் ஜி.டி.நாயுடு, இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஊர்சுற்றவா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். மறுபடியும் பூட்டினார். அவர் கற்ற தொழிற்கல்வி அதுதான்! 1952-ல் இரண்டு பேர் போகும் காரை 2 ஆயிரம் ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். சர்க்கார் லைசென்சு தரவில்லை. கார் கடைக்கு வரவே இல்லை.

எப்படிக் கட்டுவது?

செஞ்சியில் உள்ள ஓர் இளைஞர் இப்படி ஒரு காரைக் கட்ட ஆசைப்பட்டால், எங்கிருந்து தொடங்குவது?

அளவில் இருந்து தொடங்க வேண்டும். காரைப் பக்கவாட்டில் காட்டும் படம் ஒன்று வேண்டும். சக்கரத்தின் உயரம் 2 அடி என்று தெரிந்தால் போதும். படத்தில் கார் எத்தனை சக்கர நீளம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஏழு சக்கரம் என்றால், காரின் நீளம் 14 அடி.

பிறகு அட்டையை வெட்டி ஒட்டி, முழு அளவில் ஓர் உருவம் செய்து பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அட்டையில் செய்த தப்புக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். இரும்பில் செய்த தப்புக்கு ஐயாயிரம் நஷ்டம்!

அடுத்தது அடிச்சட்டம். பழைய கார் ஒன்றை வாங்கி, மேல்கூட்டை எடுத்துவிட்டு, அதன்மேல் கட்டுவதே சுலபம். என்ஜின், ஸ்டீரிங், பிரேக் எல்லாம் கம்பெனி செய்ததாக இருக்கும். கரூரில் பஸ்சுக்கும், நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுகிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். வளைவுகள் அதிகம் உள்ள காருக்குத் தகட்டைவிடப் பைபர் நல்லது. களிமண்ணில் உருவம் செய்து, அச்சு எடுத்து, அதில் கண்ணாடி நாரையும் பிசினையும் மாறி மாறிப் பூச வேண்டும். மூக்கை மூடிக்கொள்ளாமல் செய்தால் மார்புச் சளிதான் மிஞ்சும். அந்தப் பிசின் தீப்பிடிக்கக் கூடியது. பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் ஆகாது.

பிரேக்கில் மட்டும் சொந்தக் கைவரிசை கூடவே கூடாது.

ரோட்டில் ஓட்டலாமா?

முடியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. எதிரே வருகிறவன் உயிரும் இதில் இருப்பதால், சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. சொந்த இடத்துக்குள் ஓட்டலாம். கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிப் போகலாம்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். 1964-ல் ஜேம்ஸ்பாண்டு படத்தில் வந்த ஆஸ்டன் மார்ட்டின் காரை, அதைச் செய்த கம்பெனியே 2020-ல் மறுபடியும் செய்தது. மொத்தம் 25 கார்கள். புகை கக்கும், நம்பர் பலகை சுழலும். விலை ஒவ்வொன்றும் 27½ லட்சம் பவுண்டு! ஆனால் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை.

மராட்டிய மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் ஓர் ஏழைக் கொல்லர் இருக்கிறார். மகனின் ஆசைக்காகப் பழைய இரும்பைச் சேர்த்து, குட்டி ஜீப்பு ஒன்று கட்டினார். செலவு 60 ஆயிரம் ரூபாய். ஸ்கூட்டர்போலக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். 2021-ல் அதன் படம் ஊரெல்லாம் பரவியது.

"இதை ரோட்டில் ஓட்ட அதிகாரிகள் விடமாட்டார்கள். அதை எங்களிடம் தந்துவிட்டு, புதிய பொலீரோ காரை எடுத்துக்கொள்ளட்டும்" என்ற பொருளில் ஆனந்த் மகிந்திரா அறிவித்தார். குடும்பத்தோடு போய், 2022 ஜனவரியில் கொல்லர் புதிய காரை வாங்கிக்கொண்டார்.

அந்தக் குட்டி ஜீப்பு என்ன ஆயிற்று? தங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள கார்களோடு அதுவும் இடம்பெறும் என்று ஆனந்த் மகிந்திரா சொன்னார். "புஜ்ஜி"க்குக் கணக்குப் போட்டார்களே, அதே நிலையம்தான். செஞ்சியில் இருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள், செங்கல்பட்டைத் தாண்டியதும் மகிந்திரா சிட்டியைப் பார்க்கலாம். அங்கேதான் அந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.