மழையை நம்பி ஆடும் அணிகள்

ஜூனில் மேலகரத்துப் பக்கம் மேல்காற்று வீசத் தொடங்கி மலையில் மேகம் இறங்கினால், குற்றாலத்தில் சீசன் களைகட்டும். விடுதி, எண்ணெய்க் கடை, பழக்கடை எல்லாம் நிரம்பும். சாரல் நின்றதும் அதே கடைவீதி வெறிச்சோடும். கடையும் சரக்கும் அவையேதான், மாறியது வானிலை மட்டும். போக்கிமான் என்ற வீடியோ கேம் போட்டிகளில் ‘ரெயின் டீம்’ எனப்படும் அணி இந்தக் கணக்கில்தான் பிழைக்கிறது.

இருவர் மோதும் இந்த ஆட்டத்துக்கு ஆளுக்கு 6 போக்கிமான்களைக் கொண்டுவர வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தம்முடையதில் 4-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரே சமயம் நிற்பவை 2. பாலிடோட் என்ற தவளை இறங்கினாலே மழை கொட்டும்படி அமைக்கலாம். மழையில் நீர்த்தாக்குதல் ஒன்றரை மடங்காகும், நெருப்பு பாதியாகும். வழக்கமாகக் குறி தவறக்கூடிய ‘தண்டர்’ என்ற மின்தாக்குதல் தவறவே தவறாது. சில நீர்ப் போக்கிமான்களுக்கு வேகம் இரட்டிக்கும்.

இப்படி வரவழைத்த மழை, வேறு வானிலை வந்து கலைக்கும்வரை முன்பெல்லாம் ஓயாது. 2013-ல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகள் அதை 5 சுற்றுகளாகச் சுருக்கின. ஓர் எண் மாறியதும் உத்தியே மாறியது. எதிரணி ஆளை மாற்றியும் தற்காத்தும் சுற்றுகளைக் கடத்தினால் மழை வீணாகிவிடும். ‘டிரிக் ரூம்’ போட்டால் இன்னும் மோசம்: 5 சுற்றுகளுக்கு, மெதுவானதே முதலில் அடிக்கும். மழை தந்த வேகமே பாரமாகிவிடும். ஆகவே ரெயின் டீம்கள் பெருகும்போது டிரிக் ரூமுக்கு மவுசு கூடும். அது பெருகினால், அதைப் போடவிடாமல் தடுப்பவை தேவைப்படும். இந்த ஓட்டத்தைத்தான் ஆட்டக்காரர்கள் ‘மெட்டா’ என்கிறார்கள்.

2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியை இன்றும் வியந்து பேசுகிறார்கள். தென்கொரியாவின் சேஜுன் பார்க் தம் அணியில் பச்சிரிசுவைச் சேர்த்திருந்தார். சின்னஞ்சிறு மின் அணில். யாரும் பொருட்படுத்தாத ஒன்று. அவருடைய இன்னொரு போக்கிமானான கியாரடோஸ் நீர், பறத்தல் ஆகிய இரு வகையும் சேர்ந்தது, அதன்மேல் மின்னல் பாய்ந்தால் அடி நான்கு மடங்கு. பச்சிரிசு ‘ஃபாலோ மீ’ என்ற உத்தியால் அந்தத் தாக்குதலைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். மின்சாரம் பட்டால் அதற்குக் காயமில்லை, உயிர் கூடும்! அதன் ‘சூப்பர் ஃபேங்’ கடியோ, எதிரி எவ்வளவு பலசாலியானாலும் மீதமுள்ள உயிரில் பாதியைப் பறித்துவிடும். பார்க் சாம்பியன் ஆனார். பட்டியலில் பச்சிரிசுவின் பலம் துளியும் கூடியிருக்கவில்லை. எந்தத் துணையோடு, எந்த எதிரிகளுக்கு நடுவே நிற்கிறது என்பதுதான் அதைப் பெரிதாக்கியது.

உயிரியலிலும் இதே கணக்கு உண்டு. விலங்குச் சண்டைகளை விளையாட்டுக் கோட்பாட்டால் விளக்கலாம் என்று ஜான் மேனார்டு ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973-ல் காட்டினர். 1996-ல் பாரி சினெர்வோ, கர்டிஸ் லைவ்லி இருவரும் கலிபோர்னியாவின் சிறு பல்லியினம் ஒன்றில் அதைக் கண்முன் கண்டனர். ஆரஞ்சுத் தொண்டை ஆண்கள் முரடர்கள், பரந்த இடத்தை வளைத்துக்கொள்வார்கள். நீலத் தொண்டையரை விரட்டிவிடுவார்கள். மஞ்சள் தொண்டையர் பெண்போல் நடித்து, ஆரஞ்சின் எல்லைக்குள் நுழைந்து இணைசேர்வார்கள். தன் துணையை விட்டு அகலாத நீலத்திடம் மட்டும் அது பலிக்காது. எனவே எந்த நிறம் மிஞ்சினாலும் அதை வெல்லும் நிறம் அடுத்துப் பெருகும். பல்லிகள் யோசித்து மாறுவதில்லை, தோற்றவற்றின் சந்ததி குறைகிறது. அதனால் நிறங்களின் சுழற்சிக்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆட்டக்காரருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. தோற்ற ஆறில் ஒன்றை மாற்றிக்கொண்டு அடுத்த போட்டிக்கே வந்துவிடுகிறார்.