பீரங்கி வண்டிக்குக் கம்பளிச் சட்டை

கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னலாம், குல்லாய் பின்னலாம். பீரங்கி வண்டிக்குச் சட்டை? டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2006 ஏப்ரலில் அதுவும் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து எம்-24 சாஃபி டாங்கி ஒன்றை நிக்கோலாய் கலைக்கூடத்தின் எதிரே நிறுத்தி, பீரங்கிக் குழல் உட்பட இளஞ்சிவப்புப் பின்னலால் போர்த்திவிட்டார் கலைஞர் மரியான் யோர்கன்சென். ஈராக் போரில் டென்மார்க் சேர்ந்துகொண்டதற்கு எதிர்ப்பு அது.

15 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள், 4,000-க்கும் மேல்! டென்மார்க், பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் பின்னி அனுப்பியவை. சிலது ஊசிப் பின்னல், சிலது குரோஷா. கைக்குக் கை இறுக்கம் மாறுமல்லவா, துண்டுக்குத் துண்டு வேறுபாடு தெரிந்தது. கடையில் வாங்கிய துணியைச் சுற்றியிருந்தால் அத்தனை பேரின் எதிர்ப்பு கண்ணில் பட்டிருக்குமா, என்ன?

அமெரிக்கக் கலைஞர் டேவ் கோல் அதற்கு முந்தைய ஆண்டே வேறு வழியில் போயிருந்தார். மாசசூசெட்ஸில், மண் அள்ளும் எக்ஸ்கவேட்டர்கள் இரண்டின் கையில் நெடுங்கம்பங்களை ஊசிகளாகக் கொடுத்து, அமெரிக்கக் கொடியையே பின்னவைத்தார்!