அகலமும் ஆழமும்

பொற்கொல்லரின் தராசில் ஒரு பவுன் என்று நிற்கும் எடை எட்டு கிராம். போலீஸாரும் ராணுவத்தாரும் பெரும்பாலும் உபயோகிக்கிற 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் குண்டொன்றை அதே தட்டில் வைத்தால், அதுவும் ஏறத்தாழ அந்த ஒரு பவுனே நிற்கும். அமெரிக்காவில், சட்டைப்பையிலோ கைப்பையிலோ வெளியே தெரியாமல் அடங்கிக் கிடக்கும்படி செய்யப்படும் சிறு துப்பாக்கிகளின் குண்டுகளோ, முக்கால் பவுனிலிருந்து மூன்றில் ஒரு பவுன் வரையில்தான் இருக்கும். இவ்வளவு சொற்பமான உலோகத்தை நம்பித் தம் பிராணனைக் காத்துக்கொள்ள நினைக்கிறவர், கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் பலவகைத் தோட்டாக்களுள் எதை வாங்குவது என்பது, அந்நாட்டில் ஓயாத விவாதத்துக்குரிய விஷயம்.

இந்தச் சிறு ஜாதியில் முக்கியமானவை நான்கு. 1887-இல் பிறந்த .22 லாங் ரைஃபிள் நீங்கலாக, .25, .32, .380 என்ற மற்ற மூன்றும், ஜான் பிரௌனிங் என்ற ஒரே அமெரிக்க மேதையின் மூளையில் 1899-க்கும் 1908-க்கும் இடையில் உதித்தவை. புள்ளிக்குப் பின் நிற்கும் எண், குண்டின் குறுக்களவை ஏறத்தாழ அங்குலத்தின் பின்னமாகச் சொல்வது. சிறியவை என்று இவற்றை இகழ்ந்துவிட முடியாது. 1914-இல் ஸரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை வீழ்த்தி உலக யுத்தத்துக்கு வித்திட்டதும், 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் காந்தியடிகளின் மார்பில் பாய்ந்ததும் .380 தோட்டாக்களே. ஆயினும், தற்காப்பைக் கருதுகிறவருக்கு வேண்டியது கொல்லும் சக்தியன்று, பாய்ந்து வருகிறவனை அக்கணமே நிறுத்தும் சக்தி. ஏனெனில், ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் உயிர் விடப்போகிறவன், அந்த ஒரு மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய தீங்குக்கு அளவில்லை.

நிறுத்தும் சக்தியைப் பெருக்குவதற்கென்று கண்ட உபாயங்களுள் பிரசித்தமானது நம் தேசத்தோடு சம்பந்தமுடையது. கல்கத்தாவை அடுத்த டம் டம் என்ற இடத்து ஆயுதசாலையில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், சதைக்குள் நுழைந்ததும் முனை விரியும் குண்டுகளை ஆங்கிலேயர் செய்தார்கள். அவற்றின் கொடுமையைக் கண்டு 1899-இல் ஹேக் நகரில் கூடிய தேசங்கள், யுத்தத்தில் அத்தகைய குண்டுகளைப் பிரயோகிக்கலாகாது என்று பிரகடனம் செய்தன. அந்தத் தடை யுத்தத்துக்கு மட்டுமே உரியது. முனையில் குழி வைத்துச் செய்த இன்றைய குழிமுனைக் குண்டு, உடலின் ஈரம் குழியில் நிறைந்து அழுத்த, பூவைப்போல மலர்ந்து அகன்று, வேகம் தணிந்து உள்ளேயே நின்றுவிடுகிறபடியால், பின்னால் நிற்கும் நிரபராதியின் மேல் ஊடுருவிப் பாயும் அபாயம் குறைகிறது. ஆகவே, போர்க்களத்தில் கொடுமையென்று விலக்கியதையே, ஊருக்குள் விவேகமென்று அமெரிக்கப் போலீஸார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மலர்ந்த குண்டு ஆழம் போகாது. 1986 ஏப்ரல் மாதத்தில் மயாமி நகருக்கருகே எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரு கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த சண்டையில், ஒருவனது கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீட்டர் குண்டு, இருதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அன்று இரண்டு அதிகாரிகள் மாண்டார்கள், ஐவர் காயமுற்றார்கள். அதைத் தொடர்ந்து அந்த ஸ்தாபனம் வகுத்த பரீட்சையில், சதைக்குப் பதிலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின் கலந்து உறையவைத்த பாளத்தில் சுட்டுப் பார்க்கிறார்கள். குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் போகவேண்டும் என்பது விதி. மனித மார்பு 12 அங்குலக் கனமுடையதா என்று கேட்கலாம். குறுக்கே நீட்டிய கையையும், சாய்ந்து நிற்கும் உடலையும் கணக்கில் சேர்த்தால் அந்த அளவு மிகையாகாது.

ஒரு பவுன் எடையுள்ள குண்டு அகலத்துக்குக் கொஞ்சம் செலவழித்தாலும் ஆழத்துக்கு மிச்சம் வைத்திருக்கும். மூன்றில் ஒரு பவுன் குண்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போதாக்குறைக்கு, நீண்ட ரைஃபிள் குழலில் வினாடிக்கு 1,200 அடி வேகம் பெறுகிற .22 குண்டு, இரண்டங்குலக் குழலில் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் அதன் குழிமுனை மலராமலே போகலாம். மலர்ந்தாலோ, பாதி வழியில் நின்றுவிடலாம். ஆகையால் .22, .25, .32 என்ற மூன்றுக்கும், விரியாமல் நேரே ஆழம் போகும் உருண்டை முனையோ தட்டை முனையோ உள்ள குண்டே மேல் என்பது அனுபவஸ்தர் பலரின் அபிப்பிராயம். ஃபெடரல் கம்பெனி குட்டைக் குழல்களுக்கென்றே ‘பஞ்ச்’ என்ற .22 தோட்டாவைச் செய்தபோது, ஆழத்தையே குறிக்கோளாகக் கொண்டது. .380 மட்டும் எல்லைக்கோட்டில் நிற்பது. உடையின் நூல் அடைத்துக்கொண்டு முனை மலராமல் போவதைத் தடுக்க, ஹார்னடி கம்பெனி குழியில் ரப்பர் போன்றதொரு பொருளை நிரப்பிச் செய்வதுபோல், யுக்தியோடு அமைத்த குழிமுனைகள் அதில் ஓரளவு பலிக்கின்றன. எனினும் 12 அங்குலத்தை எட்டாதவையும் பல.

இவையெல்லாவற்றிற்கும் முந்திய கேள்வி, தோட்டா வெடிக்குமா என்பது. .22-இல் தீப்பற்றும் மருந்து பித்தளை உறையின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி தட்டிய இடத்தில் அம்மருந்து சரியாகப் பரவாதிருந்தால் வெறும் ‘டக்’கென்ற ஓசையே மிஞ்சும். மற்ற மூன்றிலும் அது உறையின் நடுவில் தனிக் கிண்ணத்தில் இருப்பதால் அந்தக் குறை அரிது. .32-க்கு வேறொரு வியாதி உண்டு: அதன் உறைக்குச் சிறிது துருத்திய விளிம்பு இருப்பதாலும், குழிமுனைத் தோட்டாக்கள் நீளம் குறைந்தவையாதலாலும், அவை மாகஸினில் முன்னும் பின்னும் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே மாட்டிக்கொண்டு துப்பாக்கியே ஸ்தம்பித்துவிடும். ஆகவே, வாங்க உத்தேசித்த தோட்டாவைத் தம் துப்பாக்கியிலேயே இரண்டொரு பெட்டி சுட்டுப் பார்த்தாலன்றி நம்பலாகாது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் சிறு துப்பாக்கியை ஒருவர் நாடுவது, பெரியதன் உதைப்பை மூட்டுவலி கண்ட விரல்கள் தாங்காமையாலோ, கனத்ததை வீட்டிலேயே விட்டுப்போகும் மனித சுபாவத்தாலோதான். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் நீண்ட பரீட்சைக் குழலில் அளந்தது என்பதை அறிந்தவராய், மலர்ந்த குண்டின் அழகிய படமுள்ள விலையுயர்ந்த பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, உருண்டை முனைத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போகிற முதியவரைக் கஞ்சர் என்று நினைக்கவேண்டியதில்லை. மூன்றில் ஒரு பவுனால் ஆகக்கூடிய காரியம் இன்னதென்று நிறுத்துப் பார்த்தவர் அவர்.