போக்குவரத்துக் கணக்கு – 9: சைக்கிள் பாதைக்கு விழுந்த தடை

ஒரு மண்டலத்தின் போக்குவரத்துத் திட்டம் காற்றையும் நிலத்தையும் கெடுக்காமல் நீண்ட நாள் தாங்குமா என்று மதிப்பிட வேண்டுமானால், எதை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். கலிபோர்னியாவின் 18 மண்டலத் திட்ட அமைப்புகளுக்கும் 2008-ஆம் ஆண்டின் எஸ்.பி. 375 சட்டப்படி தலைக்கு இவ்வளவு கார்ப் புகை குறைய வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது; இது முன்பே வந்த செய்தி. அந்த அமைப்புகளில் ஒன்றான சான் டியேகோ அந்த இலக்குக்குக் காட்டிய கணக்குதான் இந்த வாரத்துக்கு என்று சொல்லியிருந்தது. ஆனால் அதே மாநிலம் அரை நூற்றாண்டாகக் கையில் வைத்திருந்த பழைய அளவுகோலைப் பார்க்காமல் சான் டியேகோவுக்குப் போக முடியாது. பழைய அளவுகோலைத் தொட்டாலோ, சான் பிரான்சிஸ்கோவின் சைக்கிள் வழக்கைத் தாண்டிப் போக மனம் வராது.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965-ஆம் ஆண்டுப் பதிப்பு, பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி சாலைகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய வழக்கில், சிக்னல் உள்ள ஒரு சந்திப்பில் வண்டிகளின் சராசரித் தாமதம் 10 நொடிக்குள் இருந்தால் ஏ. 35-இலிருந்து 55 நொடி வரை டி. 80 நொடியைத் தாண்டினால் எஃப். மாலை நெரிசல் வேளையில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை வண்டி வந்தது, எத்தனை இடப்பக்கம் திரும்பியது என்று எண்ணுவார்கள். அதிலும் மிக மோசமான 15 நிமிடத்தை வைத்துத்தான் கணக்கு. அந்தக் கால் மணி நேரம் தவிர நாள் முழுக்கச் சாலை காலியாகக் கிடந்தாலும் தரம் மாறாது. எண்ணப்படுவது வண்டி, ஆள் இல்லை. 50 பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸும் ஒரே ஆள் ஓட்டிவரும் காரும் ஏறக்குறைய ஒரே எடைதான். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் கிழவி கணக்கிலேயே வரமாட்டாள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே ஆறு எழுத்துகள் உண்டு.

ஒரு சாலையின் அகலத்தை முடிவு செய்யும் பொறியாளருக்கு இது நல்ல கருவிதான். சிக்கல் அது வேறு மேசைக்குப் போனபோது வந்தது. ரொனால்டு ரீகன் ஆளுநராக இருந்தபோது, 1970-இல், கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்தது. ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிந்தவரை அந்தப் பாதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். போக்குவரத்துப் பாதிப்பு என்ற கட்டத்தை நிரப்பத் தயாராக இருந்த ஒரே எண் இந்த ஏ-முதல்-எஃப் தரம். அதையே எடுத்துப் போட்டார்கள். நாளடைவில் கார் ஓட்டுநர் சிக்னலில் காத்திருக்கும் நொடிகளே சுற்றுச்சூழல் கேடு என்று ஆகிப்போனது.

இனி சான் பிரான்சிஸ்கோ. 2005-இல் அந்த நகரம் ஒரு சைக்கிள் திட்டத்தை ஏற்றது. தெருவில் பெயின்ட் கோடு போடுவதற்கும் சைக்கிள் ஸ்டாண்டு வைப்பதற்கும் சுற்றுச்சூழல் ஆய்வு எதற்கு என்று, ஆய்வு இல்லாமலே நகர நிர்வாகம் நகர்ந்தது. நகரவாசி ஒருவர் முன்னின்று வழக்குப் போட்டார். சைக்கிளுக்குக் கோடு போட்டால் காருக்கு ஒரு லேன் போகும், கார்கள் தேங்கும், தேங்கிய கார்கள் கூடுதலாகப் புகை கக்கும்; ஆகவே சைக்கிள் பாதை சுற்றுச்சூழலைக் கெடுக்கும் என்பது வாதம். 2006 ஜூனில் நீதிமன்றம் தடை விதித்தது. புதுப் பாதை மட்டுமல்ல, நடைபாதையில் புதிதாக ஒரு சைக்கிள் ஸ்டாண்டுகூட வைக்க முடியாமல் போயிற்று. நகரம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய தாக்க அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. இன்னின்ன சந்திப்பில் கோடு போட்டால் காருக்கு இத்தனை நொடி கூடும் என்று சந்திப்பு சந்திப்பாகக் கணக்கு. தடை முழுதாக நீங்கியது 2010 ஆகஸ்டில். நான்கு ஆண்டு! நீதிமன்றத்தைக் குறை சொல்ல இடமில்லை. ஆய்வு செய்யாமல் திட்டத்தை ஏற்றது நகரத்தின் அவசரம். ஆனால் அந்த ஆய்வு எதை எண்ணியது என்பதுதான் வேடிக்கை. சைக்கிளில் போகிறவர் விடாத புகைக்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது.

சைக்கிள் வழக்கு ஊர் சிரித்த கதை. சத்தமில்லாமல் நடந்த சேதம் இதைவிடப் பெரிது. நூறு வீடுகள் கட்டும் ஒருவர் நகர நடுவில் ரயில் நிலையத்தை ஒட்டி மனை எடுத்தால், பக்கத்துச் சந்திப்பு ஏற்கெனவே டி-யில் திணறிக்கொண்டிருக்கும். அவருடைய சில கார்கள் சேர்ந்ததும் ஈ. சந்திப்பை அகலப்படுத்து, இல்லாவிட்டால் வீடுகளைக் குறை என்பார்கள். அதே ஆள் ஐம்பது மைல் தள்ளி விளைநிலத்தை வாங்கினால் அங்கே சந்திப்பு காலி, தரம் ஏ, சிரமமே இல்லை. அங்கே குடிவருகிறவர் தினமும் நூறு மைல் கார் ஓட்டுவதை எந்தச் சந்திப்பின் தரமும் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகத் தேர்வில் பாஸ், மண்டலம் மொத்தமாக ஃபெயில்.

இதை மாற்றிய சட்டம் பிறந்த கதையும் விசித்திரம். சாக்ரமென்டோ கிங்ஸ் கூடைப்பந்து அணி ஊரைவிட்டுப் போய்விடாமல் இருக்கப் புது அரங்கம் தேவைப்பட்டது. அதற்கான அனுமதியை விரைவுபடுத்த செனட்டர் டேரல் ஸ்டைன்பெர்க் 2013-இல் கொண்டுவந்த எஸ்.பி. 743 மசோதாவுக்குள்தான், கார் தாமதம் இனிச் சுற்றுச்சூழல் பாதிப்பாகாது என்ற பிரிவும் பயணம் செய்தது. புது அளவுகோல் வாகன மைல்: ஒரு திட்டத்தால் மக்கள் மொத்தம் எவ்வளவு தூரம் கார் ஓட்டுவார்கள் என்ற எண். சான் பிரான்சிஸ்கோ 2016 மார்ச்சிலேயே மாறிக்கொண்டது. அதற்கு அவசரம் இருந்ததில் ஆச்சரியமில்லை. மாநிலம் முழுவதற்கும் 2020 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. புதுக் குடியிருப்பில் தலைக்கான வாகன மைல் இப்போதைய சராசரியைவிட 15 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது மாநிலத்தின் பரிந்துரை. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் கட்டினால் பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழாது.

சாலை அகலப்படுத்தும் திட்டங்களும் இதே தராசில் ஏறியபோது கணக்கு தலைகீழானது. பழைய முறையில் கூடுதல் லேன் நிவாரணம்; புது முறையில் அதுவே பாதிப்பு. பெருநகரங்களில் நெடுஞ்சாலை லேன்கள் எவ்வளவு விகிதம் கூடுகின்றனவோ, கார் ஓட்டமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது என்று டுரன்டன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011-இல் எழுதினார்கள்.

வாகன மைலும் குறையில்லாத அளவுகோல் அல்ல. மின்சாரக் காரின் மைலும் பெட்ரோல் காரின் மைலும் அதற்கு ஒன்றே. நகர வாடகை கட்டுப்படியாகாமல் வெளியூருக்குத் தள்ளப்பட்டவரின் வீட்டுத் திட்டம் அதில் குற்றவாளி போலத் தெரியும். எண் மாறியதாலோ இலக்கு வைத்ததாலோ மட்டும் மக்களின் பழக்கம் மாறிவிடுவதும் இல்லை. எஸ்.பி. 375 வந்து பத்தாண்டு கழித்து, 2018-இல், மாநிலக் காற்று வாரியமே கொடுத்த அறிக்கையில் தலைக்கான கார் ஓட்டம் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் சொன்ன சான் டியேகோவின் 2011-ஆம் ஆண்டுத் திட்டம் 2020 இலக்கையும் எட்டியது, 2035 இலக்கையும் எட்டியது, தாளில். அதற்குப் பிறகு, திட்டம் முடியும் 2050-ஐ நோக்கிப் போகப் போகப் புகை மறுபடி ஏறியது. அந்தத் திட்டத்தின் மீதான வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2017-இல் தீர்ப்பானது. அது அடுத்த வாரம்.